மறு: பழைய தலைவர் பதிவேட்டைத் தர மறுக்கிறார்

தம்பி, மலேசியாவில் பட்டர்வொர்த் தோட்டப் பழம்பொருள் காட்சியகத்தை நடத்தும் சங்கத்துக்குத் தலைவராகி மூன்று மாதமாகியும் பழைய தலைவர் பொருள் பதிவேட்டைக் கொடுக்கவில்லை என்கிறீர்கள். மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரு சனிக்கிழமை அவரையே கூப்பிட்டு, அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள், செயலாளர் எழுதட்டும். எங்கள் காட்சியகத்தில் ஒரு பால் மங்கின் (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) அடியில் தோட்டத்துப் பெயர் பென்சிலில் இருந்தது. பெரியவர் திருப்பிக் காட்டித்தான் தெரிந்தது.

எது நன்கொடை, எது இரவல் என்று பிரித்து, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பேரன் வந்து "தாத்தாவோட பால்வெட்டுக் கத்தியைக் கொடுங்க" என்று நிற்பான் (நாங்கள் பட்ட பாடு!).

இன்னொன்று: பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகவேண்டும். நீங்கள் தலைவராகி மூன்று மாதம் என்கிறீர்களே, போயிற்றா? முதலில் அதைப் பாருங்கள்.