இனிப்பு தின்றதால்தான் இந்த ஆட்டமா? குழந்தை மருத்துவர் பதில்கள்

மாரியம்மன் நோம்பிக்குப் போனால் ஐந்து வயது மகன் ஜிலேபியும் பஞ்சு மிட்டாயும் தின்றுவிட்டு நடுராத்திரி வரை ஓடுகிறான், கத்துகிறான். சர்க்கரை செய்கிற வேலைதானே? (கோபிசெட்டிபாளையம்)

இல்லைங்க. 1994-ல் அமெரிக்காவில், சர்க்கரை தின்றால் துள்ளுவான் என்று தாய்மார்கள் சொன்ன பையன்களை வைத்துச் சோதித்தார்கள். கொடுத்தது எல்லோருக்கும் சர்க்கரை இல்லாத இனிப்புதான். பாதித் தாய்மார்களிடம் மட்டும் அது சர்க்கரை என்று சொல்லிவைத்தார்கள். அவர்களுக்குத்தான் மகன் அதிகம் ஆடுவதாகத் தெரிந்தது. அவனிடம் குறையும் அதிகம் கண்டார்கள். 1995-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரை நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை.

நோம்பியன்று மத்தியானத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, மேளச்சத்தம், கூட விளையாடப் பத்துப் பிள்ளைகள். அடுத்த முறை மத்தியானம் தூங்க வையுங்கள். அரிசிம்பருப்புச் சோறு வயிறார ஊட்டிவிட்டுக் கிளம்புங்கள். வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

பஞ்சு மிட்டாய் மட்டும் வேண்டவே வேண்டாம். ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை என்றால் தாராளமாகக் கொடுக்கலாமா? (பெருந்துறை)

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு, ருசியில் குறையில்லை. ஆனால் அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருள்தான். பல்லும் அதே மாதிரிதான் சொத்தையாகும். இரண்டு வயதுக்கு மேல், எந்தச் சர்க்கரையானாலும் ஒரு நாளைக்கு மொத்தம் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குக் கீழே சர்க்கரை சேர்க்கவே வேண்டாம்.

இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். சாயந்திரம் மிட்டாய் வாங்கித் தராவிட்டால் நான்கு வயது மகள் கடை வாசலில் விழுந்து புரள்கிறாள். (திருப்பூர்)

நாள் முழுக்க உங்களைப் பார்க்காத பிள்ளை, பசியும் களைப்புமாக இருக்கும் நேரம் அது. கையில் ஒரு வாழைப்பழமோ கடலை உருண்டையோ கொண்டுபோங்கள். "ஞாயிற்றுக்கிழமைதான் மிட்டாய், கண்ணு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அழுதால் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒருநாள் அழுகைக்கு இணங்கினால் அடுத்த நாள் இன்னும் நீளமாக அழுவாள். அப்பத்தாவும் இதே பேச்சில் நிற்க வேண்டும், அதுதான் சிரமம். அப்புறம், "சோறு உண்டால் சாக்லேட்" என்று பேரம் பேசாதீர்கள். சோறு அவளுக்குத் தண்டனையாகிவிடும்.

கோலா குடித்த அன்று தூங்குவதே இல்லை. (பொள்ளாச்சி)

அது கோலாவில் இருக்கும் காஃபீன் செய்கிற வேலை, காப்பியில் இருப்பதும் அதேதான். நிறுத்திவிடுங்கள். உங்கள் ஊரில் இளநீருக்கா பஞ்சம்?

சில வாரமாக மகன் எரிந்து விழுகிறான். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரி படுக்கையை நனைக்கிறான், இளைத்தும் விட்டான். இனிப்பை நிறுத்தினால் சரியாகுமா? (தாராபுரம்)

காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்தச் சர்க்கரை பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு இப்படித்தான் தொடங்கும்.