வீடு காலி செய்யும்போது வீட்டுச்சாமியை என்ன செய்வது? (கேள்வி பதில்)

வீட்டுச்சாமி பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் பேசின: வீடு மாறுகிறோம், சாமி என்ன ஆகும்?

இங்கே நான் சொல்வது பூஜை அறையில் இருக்கும் பிள்ளையார், முருகன் படங்களைப் பற்றி இல்லை. நம் வீட்டிலேயே பிறந்து கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளை, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பாட்டி, பூட்டி ஆகியோரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் வழக்கத்தைப் பற்றி. தெற்கே கன்னி என்பார்கள், வீட்டுச்சாமி என்பார்கள். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் பூவாடைக்காரி. நான் பிறந்த வீட்டில் பூவாடைக்காரி, வாழ வந்த வீட்டில் கன்னி. இரண்டு பேருக்கும் படையல் போட்டுப் பழகியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ரொம்ப வருஷமாக இருந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். சாமி அறைச் சுவரில் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்துத்தான் எங்கள் கன்னியைக் கும்பிடுகிறோம். பெட்டி, படம் எதுவும் கிடையாது. எப்படிக் கூட்டிப் போவது?

அவள் சுவரில் குடியிருக்கவில்லை தங்கச்சி, உங்கள் குடும்பத்தோடு இருக்கிறாள். சுவர் அவளை உட்காரவைத்த இடம், அவ்வளவுதான். வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தால் வண்டி வந்து நிற்கிற அன்றைக்கா "கிளம்பு" என்று சொல்வோம்? நாலு நாள் முன்னாலேயே சொல்வோம், நல்ல துணி உடுத்தச் சொல்வோம், சாப்பிடவைத்துக் கூட்டிப்போவோம், போன இடத்தில் முதலில் அவரை உட்காரவைப்போம். இதிலும் அதே மரியாதைதான்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ வீட்டைக் கழுவிவிட்டு, வழக்கமாக என்ன படைப்பீர்களோ அதையே படையுங்கள். பொங்கலோ, துள்ளுமாவோ, பணியாரமோ, உங்கள் வீட்டு வழக்கம்தான் கணக்கு. புதுசாக எதையும் சேர்க்க வேண்டாம். சாம்பிராணி போட்டுவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். "இந்த இடத்தை விட்டு இன்ன ஊருக்கு, இன்ன தெருவுக்குப் போகிறோம், நீயும் எங்களோடு வா" என்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மந்திரம் எதுவும் கிடையாது. பேர் தெரியாவிட்டால் "கன்னி" என்றாலே போதும்.

பிறகு அந்தப் பொட்டுக்கு முன்னால் ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் போட்டு, மாவிலையோ வேப்பிலையோ செருகி வையுங்கள். வீடு மாறும் அன்றைக்கு அந்தச் செம்பும் விளக்கும் உப்பும் மஞ்சளும் போன பிறகுதான் பீரோ, கட்டில் எல்லாம் போக வேண்டும். செம்பை யாராவது மடியில் வைத்துக்கொண்டு போங்கள், சாமான் வண்டியில் ஏற்றாதீர்கள். புது வீட்டுச் சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அதற்கு முன்னால் செம்பை இறக்கி விளக்கேற்றினால் ஆயிற்று. தண்ணீரை மறுநாள் செடிக்கு ஊற்றிவிடலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பழைய சுவரில் இருக்கும் மஞ்சளையும் பொட்டையும் நீங்களே ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாருங்கள். வெள்ளையடிக்க வருகிறவர் சுரண்டட்டும் என்று விட்டுவிட்டு வருவது எனக்குப் பொறுக்காது.

எங்கள் வீட்டில் கன்னியின் ஓலைப்பெட்டி இருக்கிறது. அம்மா காலத்துக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. இப்போது அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் பழைய வீட்டை விட்டுத் தனித்தனியாகப் போகிறோம். பெட்டி யாருக்கு?

முதலில் மூன்று பேரும் சேர்ந்து பெட்டியைத் திறங்கள். திறக்கவே பயப்படும் வீடுகள் நிறைய இருக்கின்றன, அது வேண்டாம். எங்கள் மாமியார் வீட்டுப் பெட்டியில் சின்னதாக ஒரு பாவாடை சட்டை, பல் போன சீப்பு, கைக்கண்ணாடி, அப்புறம் ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு மட்டுமே போகிற அளவில் சிவப்புக் கண்ணாடி வளையல். அந்த வளையலைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் இது ஒரு பிள்ளை என்பதே எனக்கு உறைத்தது. அதுவரை அது மேலே பரணில் இருக்கும் சாமி.

துணி செல்லரித்திருந்தால் புதுசு எடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் புதுத்துணி வைத்துவிட்டுப் பழையதை வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. யாரிடம் பெட்டி என்பதற்கு மூத்தவர் வீடு என்பதுதான் பொதுவான பழக்கம். ஆனால் மூத்தவர் வீட்டில் விளக்கேற்ற நேரமில்லை என்றால் விளக்கேற்றுகிறவர் வீட்டுக்குப் போகட்டும். சில பங்காளிகள் ஆண்டுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். எப்படியானாலும் படையல் அன்றைக்கு மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் கூட வேண்டும். பெட்டியில் இருப்பதை மட்டும் மூன்றாகப் பிரித்துவிடாதீர்கள்.

ஒரு ஜோசியர், வீட்டில் கும்பிட்ட ஆத்மா பின்னாலேயே வந்து தொந்தரவு செய்யும், பரிகாரத்துக்கு முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்கிறார்.

கொடுக்காதீர்கள். பின்னாலேயே வர வேண்டும் என்றுதானே நாம் கூப்பிடுகிறோம்? நம் வீட்டுப் பிள்ளையைப் பேய் என்று சொல்லிக் காசு கேட்கிறவரிடம் குடும்ப விஷயத்தைக் கொண்டுபோகக் கூடாது. நூறு ரூபாய்க்குப் பூவும் பழமும் வாங்கிப் படைத்தால் போதும்.

ஊர் வீட்டையும் தோட்டத்தையும் விற்கிறோம். தோட்டத்து மூலையில் வேப்பமரத்தடியில் கல் நட்டு முன்னோரைக் கும்பிடுகிறோம் அக்கா. வாங்குகிறவர் கல்லை எடுத்துவிடச் சொல்கிறார்.

இரண்டு வழி உண்டு. அந்த மூலையையும் அங்கே போகிற பாதையையும் விற்காமல் நிறுத்திக்கொண்டு, அதைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்வது ஒன்று. வாய்ப்பேச்சாக விடாதீர்கள். இன்றைக்கு வாங்குகிறவர் சரி என்பார், அவர் விற்றால் அடுத்தவர் வேலி போட்டுவிடுவார்.

அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் பிடிமண். கடைசிப் படையல் போட்டு, உத்தரவு கேட்டு, கல்லின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, புது இடத்தில் அந்த மண்ணை இட்டு அதன்மேல் கல்லை நிறுத்துவது. கல்லையும் கூடவே கொண்டுபோகலாம். இதில் குறை ஒன்றும் இல்லை. பஞ்சம் பிழைக்கவும் பெண் கட்டிய ஊருக்கும் போன குடும்பங்கள் இப்படித்தான் குலசாமியைக் கொண்டுபோயின. ஒரே சாமிக்குப் பல ஊரில் கோயில் இருப்பதற்குக் காரணம் கேட்டால், "பிடிமண் எடுத்துவந்தோம்" என்பார்கள்.

மண் எடுக்கக்கூட வழியில்லாமல் போனவர்களும் உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த ஊர்கள் மூழ்கின. அணையில் தண்ணீர் குறையும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தி வெளியே தெரியும். இன்றும் ஜனங்கள் அதைத் தேடிப் போகிறார்கள். நம் கையில் நாளும் நேரமும் இருக்கும்போது ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொள்ளாமல் வரலாமா?

மார்த்தாண்டம் பக்கம். எங்கள் பழைய வீட்டுப் பறம்பில் நாகர் காவு இருக்கிறது. அதையும் இப்படி மாற்றலாமா?

காவு என்பது நாகங்களுக்கென்று விட்டுவைத்த மரத்தோப்பு. அதை வீட்டுப்படையலோடு சேர்க்காதீர்கள், அது தந்திரி (கேரள முறைத் தலைமைப் பூசகர்) வந்து செய்ய வேண்டியது. பராமரிக்க ஆள் இல்லாத குடும்பங்கள் காவில் இருக்கும் நாகங்களை ஆவாகனம் செய்து (மந்திரத்தால் அழைத்து) கேரளத்து ஹரிப்பாடு பக்கத்தில் இருக்கும் மண்ணாறசாலை கோயிலில் ஒப்படைக்கிறார்கள். அங்கே பெரியம்மா ஒருவர்தான் தலைமைப் பூசை செய்கிறார். மாற்றுவது என்று முடிவானாலும் காவில் இருக்கும் மரங்களை விட்டுவையுங்கள் என்றுதான் நான் கெஞ்சிக் கேட்பேன்.

மெல்போர்னுக்குக் குடிபோகிறோம். பிடிமண் கொண்டுபோகலாமா?

கூடாது. ஆஸ்திரேலியாவில் மண் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். சாமி மண் குப்பைக்குப் போவதைப் பார்க்க வேண்டாம். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, படையல் அன்றைக்குச் சாமி முன்னால் வைத்து எடுத்துப் போங்கள். ஒரு சின்ன விளக்கு போதும். அங்கே போய் சாம்பிராணி போடும்போது மட்டும் ஜன்னலைத் திறந்துவையுங்கள், புகை அலாரம் அடித்துவிடும்.

நாங்கள் யாழ்ப்பாணம். வளவுக்குள்ளே சூலம் நட்டு வைரவரைக் கும்பிட்டு வந்தோம். 95ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஒரு இரவில் வெளிக்கிட்டோம், ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை. இப்ப கனடாவில் இருக்கிறோம். சொல்லாமல் வந்தது அம்மாவுக்கு இன்றைக்கும் மனசை அரிக்கிறது.

அக்டோபர் 30 இரவு மழையில், யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி ஜனம் முழுக்க நடந்த அந்த இரவில், யார்தான் சாமியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க முடியும்? அம்மாவிடம் சொல்லுங்கள்: வைரவர் காவல் தெய்வம். பிள்ளைகள் உயிரோடு தப்பியதை அவர் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். சொல்ல விட்டதை இப்போதும் சொல்லலாம். ஊர் இருக்கும் திசையைப் பார்த்து விளக்கேற்றி, வடைமாலை சாத்தி, அம்மாவே அவர் வாயால் சொல்லட்டும். ஊரில் உறவினர் யாராவது இருந்தால் அதே நாளில் வளவில் ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்கள். சூலம் அங்கேயே இருந்தால் அங்கேயே இருக்கட்டும். அம்மாவால் பயணம் செய்ய முடியுமானால் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

வீட்டை இடித்து அதே மனையில் கட்டுகிறோம். பூவாடைக்காரியை அதுவரை எங்கே வைப்பது?

கோயிலைப் புதுப்பிக்கும்போது பாலாலயம் செய்து சாமியை வேறிடத்தில் வைத்துப் பூசை செய்கிறார்கள் அல்லவா, அதேதான். பங்காளி வீட்டில் ஒரு மனைப்பலகை போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை விளக்கு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் நடக்கும் முதல் கல்யாணத்துக்கு எப்படியும் பம்பை மேளக்காரரைக் கூப்பிட்டு, நீர்நிலையில் பூவாடை அழைத்துத்தானே வருவீர்கள்? அன்றைக்கு நிறைவாகச் செய்துகொள்ளலாம்.

என் கணவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. உலகத்தில் வேறு யாரும் இப்படி வீட்டோடு சாமியைக் கூட்டிப் போவதில்லை என்கிறார்.

ரஷ்யக் கிராமங்களில் வீட்டைக் காக்கும் ஆவியைத் தொமவோய் என்பார்கள். வீடு மாறும்போது பழைய அடுப்பின் கனலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு, "தாத்தா, எங்களோடு வா" என்று கூப்பிட்டுப் புது அடுப்பில் போடுவது அவர்கள் வழக்கம். ஆனால் இதைச் சொல்லி அவரோடு வாதாட வேண்டாம். செம்பை நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வண்டி ஓட்டட்டும்.

வீட்டுக்காரர் ஆடி மாதத்திலேயே காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆடியில் சாமியை எடுக்கலாமா?

எடுக்கலாம். பால் காய்ச்சுவதை வேண்டுமானால் ஆவணிக்குத் தள்ளி வையுங்கள். சாமியை மட்டும் பூட்டிய காலி வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், உங்களோடவே எடுத்துப் போங்கள். ஆடி வெள்ளி அவளுக்கே உகந்த நாள், அன்றைக்கே கிளம்புங்கள்.