கேள்வி – பதில்: தும்பியின் கண்ணும் ஒரு மில்லிமீட்டரும்

கேள்வி: சிறு உயிர்களை மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கொண்டு தேரூர் குளக்கரையில் தும்பிகளைப் படமெடுத்து வருகிறேன். ஃபோகஸ் கிடைத்ததற்கான ஒலி கேட்ட பிறகே பொத்தானை அழுத்துகிறேன். ஆயினும் கணினியில் பார்த்தால் இறக்கை தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருக்கிறது. லென்ஸில் குறையா?
– வாசகி, தோவாளை

பதில்: லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். பூச்சியின் உண்மை அளவே சென்சாரில் பதியும் ஒன்றுக்கு ஒன்று நெருக்கத்தில், லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஒலி கேட்பதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில், குளக்கரையில் குந்தியிருப்பவரின் உடல் அதைவிடக் கூடுதலாகவே முன்னும் பின்னும் ஆடிவிடுகிறது. லென்ஸிலுள்ள நடுக்கக் குறைப்பு வசதியும் இந்த முன்பின் ஆட்டத்தைச் சரிசெய்யாது.

ஆகவே ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவுக்கு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அதன்பின் அதைத் தொடாமல், முழங்கைகளை முழங்கால்மீது ஊன்றிக்கொண்டு, உடலை மெல்ல முன்னே சாய்த்துக் கண் பளிச்சென்று தெரியும் கணத்தில் தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள் எடுங்கள். அவற்றுள் ஒன்று தேறும். தும்பி பறந்துபோனாலும் எழுந்துவிட வேண்டாம், அமர்ந்த குச்சிக்கே பெரும்பாலும் திரும்பி வரும்.

அடுத்தது கோணம். முகத்துக்கு நேரே நின்றால் கண் தெளியும்போது வால் மறைந்துபோகும். பக்கவாட்டில் நின்று, கேமராவின் முதுகு தும்பியின் உடலுக்கு இணையாக இருக்குமாறு பிடித்தால், அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே கண்ணையும் வாலையும் பெருமளவு அடக்கிவிடலாம். அப்பர்ச்சரை எஃப்/22 வரை இறுக்கினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மழுங்கிப்போவதுதான் அதில் மிச்சம். எஃப்/8க்கும் எஃப்/11க்கும் இடையில் நில்லுங்கள். வெளிச்சம் போதாவிட்டால், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் மாட்டிய தனி ஃபிளாஷைக் குறைந்த திறனில் பயன்படுத்துங்கள். அதன் ஒளி ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகவே மின்னுவதால், நிழலான இடத்தில் சிறு அசைவுகள் படத்தில் தெரியாது. கேமராவோடு வரும் ஃபிளாஷின் ஒளியை இவ்வளவு நெருக்கத்தில் லென்ஸின் குழாயே மறைத்துவிடும்.

காற்றைப் பற்றி தோவாளைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அம்மியைப் பறக்கவிடும் காற்று, கோரைப்புல்லில் அமர்ந்த தும்பியை விட்டுவைக்குமா? ஆனி, ஆடியில் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் செல்லுங்கள். அப்போது காற்றும் ஓரளவு தணிந்திருக்கும், உடல் சூடேறாத தும்பியும் எளிதில் பறக்காது.

கேள்வி: கைப்பேசியில் மாட்டும் க்ளிப் லென்ஸால் நல்ல படம் எடுக்க இயலுமா?
– வாசகர், தக்கலை

பதில்: இயலும். அத்தகைய லென்ஸ் சில சென்டிமீட்டர் தூரத்தில் மட்டுமே தெளிவு தரும் என்பதால், திரையில் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கைப்பேசியையே மெல்ல நகர்த்துங்கள். சட்டென்று பறந்துவிடும் தும்பியைவிட, ரப்பர் தோட்டத்து மரவட்டையில் பழகுவது எளிது. அது பூச்சியினம் அன்று என்றாலும் பொறுமையாக நின்று கொடுக்கும்.

கேள்வி: பூச்சியைச் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் அசையாமல் இருக்கும் என்கிறார்களே?
– வாசகர், குழித்துறை

பதில்: செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல்தான் படத்தில் தெரியும். சில வேளைகளில் செத்தும் போகும். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்திற்குள் அனுமதியின்றிப் பிடித்துச் சென்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமும் ஆகும்.