வீட்டுக்குக் கதவு எண் யார் கொடுப்பது, எந்தக் கணக்கில்? சென்னையில் ஏன் ஒரே வீட்டுக்கு இரண்டு எண்?

கேட்டவர் புறநகரில் புது வீடு கட்டி முடித்திருக்கிறார். பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடுத்த எண்ணை நாமே போட்டுக்கொள்ளலாமா, இல்லை யாராவது வந்து கொடுப்பார்களா என்பது அவர் கேள்வி. கூடவே, சென்னையில் ஏன் பழைய எண், புதிய எண் என்று இரண்டு என்றும் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்வியில் எனக்குப் பதினொரு வருஷ அனுபவம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் இருப்பது மேற்கு மாம்பலம் பக்கம், ஒரு மாடி போர்ஷனில். எங்கள் வீட்டுக்குப் புதிய எண் 23, பழைய எண் 11. தெருக்கோடியில், பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு மாமி வீடு இருக்கிறது. அதற்குப் பழைய எண் 23, புதிய எண் 41. ஆக, ‘எண் 23’ என்று மட்டும் எழுதினால் ஒரே தெருவில் இரண்டு வீடும் சரியான விலாசம்தான்.

இது தெரியாமல் குடிவந்த முதல் மாதம் நண்பர்கள் நாலு பேர் வந்திருந்த ராத்திரி பிரியாணி சொன்னேன். விலாசத்தில் வெறும் 23 போட்டது நான்தான், டெலிவரி கொடுக்க வந்த பையனைச் சொல்லிக் குற்றமில்லை. மாமி வீட்டு வாசலில் நீல எனாமல் தகட்டில் வெள்ளையாக 23 என்று பெரிதாக இருக்கும். அவன் அங்கே போய் மணி அடித்துவிட்டான். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் பொட்டலம் கேட்டுக்கு வெளியே, மாமி கேட்டுக்கு உள்ளே. “இருபத்துமூணுன்னு சொன்னியா? இருபத்துமூணு நாங்கதான்டாப்பா. நாப்பது வருஷமா நாங்கதான்.” நான், இல்லை மாமி, புது நம்பர் என்று இழுத்தேன். “புதுசெல்லாம் எனக்குத் தெரியாது. ஆறிண்டிருக்கு, எடுத்துண்டு போ.”

அன்றிலிருந்து இது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. எனக்கு வரும் தபாலில் பாதி மாமி வீட்டு ஜன்னல் கம்பியில் துணி கிளிப் போட்டுத் தொங்கும். ஆபீஸ் விட்டு வரும்போது எட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வேன்.

சரி, ஏன் இப்படி ஆனது? பழைய எண்கள் போட்ட காலத்தில் மனைகள் பெரிது. முன்னால் தோட்டம், பின்னால் கிணறு என்று ஒரு வீடு. அடுத்த தலைமுறையில் பாகப்பிரிவினை ஆகி மூன்றாக உடையும். அதற்கு 11, 11ஏ, 11பி என்பார்கள், அல்லது 11/1, 11/2. அதில் ஒன்றை விற்று, வாங்கியவர் இடித்து இரண்டாகக் கட்டினால் 11/2ஏ. ஐம்பது வருஷம் இப்படியே ஓடினால் 11க்கும் 12க்கும் நடுவில் ஒரு குட்டித் தெருவே இருக்கும், நடந்து போகிறவருக்கு வரிசை பிடிபடாது. அதனால் மாநகராட்சி தெருத் தெருவாக ஒன்றிலிருந்து மறுபடி எண்ணி, உடைந்த வீடுகளுக்கெல்லாம் முழு எண் கொடுத்தது. அது ஆகி இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. யோசனை சரியானதுதான். ஆனால் பழைய எண் போகவில்லை, போகவும் முடியாது. கிரயப் பத்திரத்தில் அது இருக்கிறது, பழைய மின் இணைப்பில் இருக்கிறது, அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாயில் இருக்கிறது. புதிய எண்ணை மட்டும் எழுதினால் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு கவுன்ட்டரில் திருப்புவார்கள், பழையதை மட்டும் எழுதினால் வரி ரசீதோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த கவுன்ட்டரில். அதனால் சென்னைக்காரர்கள் இரண்டையும் எழுதப் பழகிவிட்டோம், கல்யாணப் பத்திரிகையில்கூட பு.எண், ப.எண் என்று.

சிலர் சுருக்கமாக 23/11 என்று எழுதுவார்கள். குழப்பத்தின் உச்சம் இதுதான் என்பேன். நம் ஊரில் அந்தச் சாய்கோட்டுக்கு ஒரு அர்த்தம் இல்லை, குறைந்தது மூன்று இருக்கிறது. சென்னையின் பழைய பகுதிகளில் 14/7 என்றால் பெரும்பாலும் புதியது 14, பழையது 7. சில பேர் அதையே திருப்பிப் போட்டு எழுதுவார்கள், கேட்கவும் முடியாது. இன்னொரு தெருவில் அதே 14/7, பதினான்காம் எண் மனை உடைந்ததில் ஏழாவது துண்டு. கிராமத்துக்குப் போனால் பெரும்பாலும் முதலில் வருவது வார்டு எண், அதற்குப் பின்னால் வருவதுதான் வீட்டு எண். எங்கள் தாத்தா வீடு 2/64. இரண்டாவது வார்டு, அறுபத்துநாலாவது வீடு. அந்த ஊரில் தெருப் பெயரே தேவையில்லை, வார்டு முழுக்க ஒரே வரிசைதான். ஆனால் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு வரிசையில் கடைசி எண்ணைக் கொடுத்துவிடுவதால் 2/64க்கு இந்தப் பக்கம் 2/63, அந்தப் பக்கம் 2/131. இது போதாதென்று நிலைக்கு மேல் சென்சஸுக்கு வந்தவர்கள் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போன எண் வேறு இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு ‘இது இல்லை போல’ என்று திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு.

இப்போது முதல் கேள்வி. எண்ணை யார் கொடுக்கிறார்கள்? மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராமமானால் ஊராட்சி. தபால்காரரோ மின்வாரியமோ இல்லை, நிச்சயமாக வீட்டுக்காரரும் இல்லை. எந்தச் சமயத்தில் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நீங்கள் சொத்து வரி விதிக்கச் சொல்லி விண்ணப்பம் போடும்போது வருகிறார்கள், அளக்கிறார்கள், வரியைக் கணக்குப் போடுகிறார்கள், ஒரு வரி விதிப்பு எண் போடுகிறார்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் கதவு எண். விருந்தாளிக்கு வழி சொல்வதற்காக யாரும் எண் கொடுப்பதில்லை. வரிப் புத்தகத்தில் உங்கள் வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதன் வாசல் பிரதி அது, அவ்வளவுதான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் மரியா தெரேசா ராணி 1770ல் வீடு வீடாக எண் போட வைத்தது பட்டாளத்துக்கு ஆள் எடுக்க. எந்த வீட்டில் எத்தனை இளவட்டம் என்று கணக்கெடுக்க வீட்டுக்கு எண் வேண்டியிருந்தது. தெரு பார்க்காமல் ஊர் முழுக்க வரிசையாகப் போட்டார்கள், எங்கள் தாத்தா ஊர் மாதிரியே. அந்தக் கணக்கின் மிச்சம், அன்று அந்த ராணியின் ஆட்சியில் இருந்த பிராக் நகரத்தில் இன்றும் இருக்கிறது. அங்கே வீடுகளில் இரண்டு தகடு. சிவப்புத் தகட்டில் இருப்பது அந்தப் பகுதியின் பதிவேட்டு எண், அதில் தெரு வரிசை கிடையாது. நீலத் தகட்டில் இருப்பது தெருவில் தேடிக் கண்டுபிடிக்க. விலாசத்தில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது மாமிக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியம் நாம் செய்யவில்லை. இரண்டுக்கும் இரண்டு நிறம் கொடுத்துவிட்டார்கள், எது எது என்று யாருக்கும் சந்தேகம் வராது. இத்தாலியில் புளோரன்ஸிலும் இப்படி நிறக் கணக்கு உண்டு, கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு வேறு வரிசை. ஒரே தெருவில் சிவப்பு 15 ஒரு இடத்திலும் மற்ற 15 வேறொரு இடத்திலும் இருக்கும்.

எண் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்க நம்மைப் போலத்தான், ‘ஆலமரத்துக்கு எதிர் வீடு’. லண்டனில் வாசலில் சின்னம் வரைந்த பலகை தொங்கும், அதைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள். பிரெஸ்காட் தெருவில் வீடுகளை எண் வைத்துச் சொல்கிறார்கள் என்று 1708ல் ஒருவர் புதுமையாகக் குறித்து வைத்திருக்கிறார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப் பக்கம் என்பதை 1805ல் பாரிஸ் முழுக்கச் சட்டமாகவே ஆக்கினார் நெப்போலியன். அதில் எனக்குப் பிடித்தது ஆற்றை வைத்துப் போட்ட கணக்கு. சேன் நதிக்கு இணையாக ஓடும் தெருவில் தண்ணீர் போகும் திசையில் எண் ஏறும், குறுக்கே வரும் தெருவில் ஆற்றங்கரைதான் ஒன்று. வழி தவறினாலும் எண்ணைப் பார்த்து ஆறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் தெருவில் ஒற்றை, இரட்டை கிடையாது. ஒரு பக்கமாகப் போய்க் கோயிலருகே திரும்பி எதிர்ப் பக்கமாக வருகிறது எண். அதனால் ஒன்றாம் எண்ணுக்கு நேர் எதிரே கடைசி எண். பெர்லினில் பழைய தெருக்கள் பலவற்றில் இதே முறைதான், லாட முறை என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே கூர்ஃபூர்ஸ்டென்டாம் என்ற பெரிய கடைவீதி 11ல்தான் ஆரம்பிக்கிறது. முதல் துண்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், மிச்சத்துக்கு எண்ணை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அங்கேயும் பு.எண், ப.எண் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்த விஷயத்தில் உருப்படியான வேலை செய்தவர்கள் என்று நான் சொல்வது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கிராமப்புறத்தைத்தான். அங்கே வீட்டை எண்ணுவதில்லை, தூரத்தை அளக்கிறார்கள். சாலை தொடங்கும் இடத்திலிருந்து பத்து மீட்டருக்கு ஒரு எண் என்று கணக்கு. 1530ஆம் எண் வீடு என்றால் சாலை ஆரம்பத்திலிருந்து 15.3 கிலோமீட்டர். நடுவில் நூறு வீடு முளைத்தாலும் எந்த எண்ணும் மாற வேண்டாம், அவற்றுக்கான எண் ஏற்கெனவே காலியாகக் காத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் டிரைவர் மீட்டரைப் பார்த்தே வந்துவிடலாம். நம் பழைய மாம்பலம் தெருவுக்கு இது சரிப்படாது, பத்து மீட்டருக்குள் இங்கே மூன்று வாசல் இருக்கும். ஆனால் புதிதாகப் போடும் லே-அவுட்டுகளில் செய்திருக்கலாம் என்று தோன்றும்.

லே-அவுட் என்றதும் கேட்டவருக்கு வருகிறேன். புறநகரில் மனைப்பிரிவு போட்டவர் வரைபடத்தில் கொடுத்த எண் மனை எண், அது கதவு எண் கிடையாது. ‘பிளாட் நம்பர் 37’ என்று பல பேர் வருஷக்கணக்கில் அதையே விலாசமாக வைத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் பேச்சில் மனைக்கும் பிளாட், அடுக்குமாடி வீட்டுக்கும் பிளாட் என்பதால் கொரியர்காரர் லிஃப்ட் எங்கே என்று தேடுவார். சர்வே எண் இன்னொன்று, அது நிலத்துக்கு. இந்த இரண்டையும் பத்திரத்தோடு விட்டுவிட்டு, வரி விதிப்புக்கு விண்ணப்பம் போட்டு, ரசீதில் என்ன கதவு எண் வருகிறதோ அதை மட்டும் வாசலில் எழுதுங்கள். உங்கள் பகுதி எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு காந்தி தெருவும் ஒரு பிள்ளையார் கோயில் தெருவும் இருந்திருக்கும். எண் சரியாக இருந்தும் வேறு காந்தி தெருவுக்குப் போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு. பின்கோடு, நகர்ப் பெயர் இரண்டும் இல்லாமல் விலாசம் கொடுக்காதீர்கள்.

தபால் துறை 2025ல் டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது, நாட்டையே நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்குப் பத்து எழுத்து. நான் எடுத்துப் பார்த்தேன். மாமி வீடும் எங்கள் வீடும் ஒருவழியாகப் பிரிந்துவிட்டன. ஆனால் கீழ் வீடும் மாடி வீடும் ஒரே கட்டத்தில்தானே வரும், அதனால் கீழ் வீட்டு அண்ணாச்சிக்கு வருவது இனி எனக்கு வரலாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த எண்ணை நாமே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, எங்கள் சித்தப்பா போட்டார். பக்கத்து வீடு 27, ஆகவே நம்முடையது 28 என்று அவராகவே முடிவு செய்து, கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் வெட்டச் சொல்லி வாசல் தூணில் பதித்துவிட்டார். ஆறு மாதம் கழித்து வரி ரசீது வந்தது, 27ஏ. கல்லைப் பெயர்த்து எடுத்துக் கொல்லையில் போட்டிருக்கிறார். சித்தி இப்போது அதில்தான் துணி துவைக்கிறாள், எழுத்து இருக்கும் பக்கம் கீழே.