மாடித்தோட்டக் குரூப்பில் மாடித்தோட்டம் பேச வைப்பது எப்படி? (கேள்வி பதில்)

ஏழு வருடமாக ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, விதை பகிரத் தொடங்கிய குரூப். இப்போது வெறும் காலை வணக்கப் படங்கள்தான். எங்கே பிடிப்பது?

பதில்: எங்களுக்கும் முதல் வருடம் இதே கதைதான். குரூப் விவரத்தில் பதினெட்டு விதி எழுதி வைத்தேன்; ஒருத்தரும் படிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: “உங்கள் மாடியில் எடுத்த படம், அதைப் பற்றிய கேள்வி, கொடுக்க இருக்கும் விதை.” அப்புறம் தினமும் காலை ஆறு மணிக்கு நானே முந்திக்கொண்டு ஒரு படம் போட்டேன். பாதி கருகிய பாகற்கொடி, “இது ஏன் இப்படி?” என்று ஒரு வரி. அதற்குப் பதில் சொல்ல ஆள் வந்ததும் ரோஜாப்பூவும் தேநீர்க் கோப்பையும் தானாகக் குறைந்தன. மீறிப் போடுபவரிடம் தனியே சொல்லுங்கள். குரூப்பில் வைத்துச் சொன்னால் அன்றைய பொழுது அந்தச் சண்டைக்கே சரி.

கேள்வி: ஃபார்வர்டுகளை என்ன செய்ய?

பதில்: இரட்டை அம்புக்குறியோடு வந்தால் ஏற்கனவே ஊரெல்லாம் சுற்றி வந்தது என்று அர்த்தம். 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்குத்தான் அனுப்ப முடியும், ஆனாலும் வந்துவிடுகிறது. அட்மின் அதை எல்லோருக்குமாக அழிக்கலாம். அழித்ததும் அவருக்குத் தனியே ஒரு வரி.

கேள்வி: அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றினால் அது அறிவிப்புப் பலகை. தேர்தல் முடிவு வரும் நாளில் மட்டும் நான் பூட்டுவேன்.

கேள்வி: அரசியலுக்குத் தனி குரூப்?

பதில்: ஆரம்பித்துப் பார்த்தோம். அங்கே முறைத்துக்கொண்டவர்கள் இங்கே ஒருவர் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்வதை நிறுத்தினார்கள். வேண்டாம்.

கேள்வி: காலை வணக்கத்தை நிறுத்த வழி?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: பெரியவர்கள் மனம் நோகுமே?

பதில்: தனியே, தனியே, தனியே சொல்லுங்கள்.

கேள்வி: தலைப்புக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். என் தக்காளிச் செடியில் இலை சுருண்டு சிறுத்து மஞ்சளாகிறது.

பதில்: மன்னித்தேன்! இலைச்சுருட்டு வைரஸ் போலத் தெரிகிறது. வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எறிந்துவிட்டு மற்றவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள்.

கேள்வி: பிடுங்கச் சொல்லாதீர்கள் அக்கா. புளித்த மோர் தெளித்து எனக்குச் சரியானது.

பதில்: உங்களுடையது வெயிலுக்குச் சுருண்டிருக்கும். பச்சை மாறாமல் சுருண்ட இலை சூடு தணிந்தால் தானே விரியும்; பெயர் மோருக்குப் போனது.

கேள்வி: அப்போ மிளகாய்?

பதில்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். எந்தப் பக்கம்?

கேள்வி: அக்கா, இன்னொரு அட்மின் சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தேனே?

பதில்: வருகிறேன், இருங்கள். அந்தத் தக்காளிக்காரர் இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும்.