அது வீம்பு இல்லைங்க

பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் வந்த அப்பா 3 மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை, தறிப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, எல்லாம் வீம்பு என்று குடியாத்தத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். வீம்பு இல்லைங்க. அந்த நோயில் முகத்தசையும் இறுகிவிடும், உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது. மூளையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதால் கை கால் மட்டுமல்ல, ஒரு காரியத்தைத் தொடங்குகிற உந்துதலும் போய்விடும். 1817-ல் இதை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே புத்தி கெடாது என்றுதான் எழுதினார், இது மனசையும் தொடும் என்று தெரியாமல் நாம் ஏமாந்ததில் தப்பில்லை.

எங்கள் அப்பாவுக்கும் இதே நோய்தான். வேலூர் லாங் பஜாரில் பேசிப் பேசியே வியாபாரம் பார்த்தவர், கடைசியில் காபியில் ஏடு படியும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார். "நடக்கப் போகலாமாப்பா?" என்றால் வேண்டாம். செருப்பைக் காலடியில் போட்டு "வாங்க" என்றால் கோட்டை அகழி வரை வந்துவிடுவார்!

ஆனால் அழுகை, "நான் பாரம்" என்ற பேச்சு இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. அப்புறம், சாயங்காலம் மூலையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார் என்றீர்களே, அதையும் மறைக்காதீர்கள். பார்க்கின்சனுக்குச் சாப்பிடும் மாத்திரையாலும் அப்படி வரும். அதற்காக யாராவது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை எழுதினால் பார்க்கின்சன் இருப்பதைச் சொல்லித் தடுங்கள், உடல் இறுக்கம் ஏறிவிடும்.