கடைசி நான்கு எழுத்துகள் தெரிந்த பிறகும் வேர்டிலில் தோற்பது ஏன்?

மறைந்திருக்கும் ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டிய விளையாட்டு வேர்டில்; போடும் சொல்லில் எழுத்தும் இடமும் சரியானால் பச்சை, எழுத்து இருந்து இடம் மட்டும் வேறானால் மஞ்சள், எழுத்தே இல்லையென்றால் சாம்பல். அதில் இரண்டாவது முயற்சியிலேயே ஐ, ஜி, ஹெச், டி என்ற கடைசி நான்கு எழுத்துகளும் பச்சையாகிவிட்டன, ஆயினும் மீதமிருந்த நான்கு வாய்ப்புகளில் முதலெழுத்தைப் பிடிக்க முடியவில்லை, தங்கள் ஆங்கிலச் சொல்வளம் போதாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்வளத்தின் மீது பழி போட வேண்டாம். இதே நான்கு எழுத்துகளில் நானும் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். முதல் தடவை, மூன்று மாதங்களுக்கு மேலாகக் காத்து வந்த வெற்றித் தொடர் அறுந்துபோனது. அன்று என் கையில் பொருத்தமான சொற்கள் தேவைக்கு மேல் இருந்தன என்பதுதான் தொல்லையே.

அந்த நான்கு எழுத்துகளில் முடியும், அன்றாடப் புழக்கத்திலுள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் எட்டு: நைட், லைட், ரைட், மைட், சைட், ஃபைட், டைட், எயிட். தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. இங்கே சைட் என்பது பார்வை, ரைட் என்பது சரி, மைட் என்பது வலிமை. அதே ஒலியுடைய வேறு சொற்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் வரும் டி, டைகரின் டி. கடற்கரை வளைவைக் குறிக்கும் பைட் போன்ற அரிய சொற்களும் இதே ஈற்றில் உண்டு. ஆனால் அவற்றுக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த விளையாட்டை உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுவில் வெளியிட்ட ஜோஷ் வார்டில், ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களைத் தம் துணைவியார் பலக் ஷாவிடம் கொடுத்து, அவருக்குப் பழக்கமான சுமார் 2,500 சொற்களை மட்டுமே விடைகளுக்கென எடுத்துக்கொண்டார். 2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் இதை விலைக்கு வாங்கிய பிறகும், பழகிய சொல்லே விடையாக வரும் என்ற போக்கு பெரும்பாலும் நீடிக்கிறது.

இனி கணக்கைப் பாருங்கள். இரண்டாவது முயற்சியில் லைட் என்று போட்டு, முதலெழுத்து மட்டும் சாம்பல் நிறமானால் மீதம் ஏழு சொற்கள், நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தவறும் ஒரே ஒரு சொல்லைத்தான் கழிக்கிறது. ஆகவே ஏழு ஆட்டங்களில் மூன்றில் தோற்பது நிச்சயம் என்பதுபோல் ஆகிவிடுகிறது. எவ்வளவு சொற்கள் தெரிந்தவரானாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

தப்புவதற்கு, விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லைத் தெரிந்தே போட வேண்டும். கைக்கெட்டிய பச்சை எழுத்துகளை விட்டுவிட மனம் வராது என்பது உண்மை. எனக்கும் முதலில் அது வீண்செலவாகவே தோன்றியது. ஆனால் மூன்றாவது முயற்சியில் ஃபிலிம்ஸ் என்று, அதாவது எஃப், ஐ, எல், எம், எஸ் என்று போட்டுப் பாருங்கள். எஃப் பச்சையானால் விடை ஃபைட். எம் மஞ்சளானால் மைட். எஸ் மஞ்சளானால் சைட். லைட்டை முன்பே போட்டுப் பார்க்காதவர்களுக்கு எல் அதையும் சொல்லிவிடும். இவை எதுவுமே நிறம் மாறவில்லையென்றால் நான்காவது முயற்சியில் என்டர் என்று போடுங்கள். முதல் இ பச்சையானால் எயிட். என் மஞ்சளானால் நைட். ஆர் மஞ்சளானால் ரைட். மூன்றும் சாம்பலானால் டைட். (என்டரில் உள்ள டி எப்படியும் மஞ்சளாகத்தான் வரும், எட்டுச் சொற்களிலும் அது இருப்பதால். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் ஒருமுறை ஏமாந்தேன்.) ஆக, ஐந்தாவது முயற்சியில் விடை உறுதி, ஆறாவது வாய்ப்பு கையிருப்பிலேயே இருக்கும்.

தெரிந்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்ற ஹார்ட் மோடில் இந்த வழி அடைபட்டுவிடும். நீங்கள் அதில்தான் ஆடுகிறீர்கள் என்றால், இப்படிப்பட்ட ஈற்றை இரண்டாவது முயற்சியிலேயே முழுவதுமாகத் திறந்துவிடாமல், முதலெழுத்தாக வரக்கூடிய மெய்களை முன்கூட்டியே சோதித்துவிடுவது ஒன்றே வழி. அதுவும் எப்போதும் கைகொடுப்பதில்லை.

இத்தனை சொற்கள் ஒரே வாலோடு திரிவது ஏன் என்ற கேள்விக்கும் விடை உண்டு, எனக்கு அதுதான் இதில் மிகச் சுவையான பகுதி. பழைய ஆங்கிலத்தில் இவற்றுள் பலவற்றில் டி என்ற ஒலிக்கு முன்னால், தொண்டையிலோ அண்ணத்திலோ உரசி வரும் ஒரு ஹகர ஒலி உண்மையாகவே ஒலித்தது. பிற்கால எழுத்தர்கள் அதை ஜி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளால் குறித்தார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்துமுறை மெல்ல உறைந்துபோக, ஒலியோ பேச்சிலிருந்து மறைந்தது. அந்த ஒலியைக் கேட்க வேண்டுமென்றால் ஜெர்மன் மொழியில் கேட்கலாம்: நைட்டுக்கு நாஹ்ட், லைட்டுக்கு லிஹ்ட், ரைட்டுக்கு ரெஹ்ட், மைட்டுக்கு மாஹ்ட், எயிட்டுக்கு ஆஹ்ட். வடமொழியின் அஷ்ட என்பதும் எயிட்டுக்கு உறவுதான். நமது எட்டு மட்டும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்.

இதே தொல்லையைத் தரும் இன்னொரு கூட்டம் ஓ, யு, என், டி என்று முடிவது. அங்கே கடைசி எழுத்து டாகின் டி. பவுண்ட், ஃபவுண்ட், ஹவுண்ட், மவுண்ட், ரவுண்ட், சவுண்ட் ஆகியவற்றோடு காயத்தைக் குறிக்கும் ஊண்ட் ஒன்று. பவுண்ட் என்பது பேட்டின் பி, பென்சிலின் பி என இரண்டு வகையாக வருவதால் மொத்தம் எட்டு. அதற்கு எஃப், ஆர், யு, எம், பென்சிலின் பி என்று அமையும் ஃப்ரம்ப் என்ற சொல்லை முதலில் போடுங்கள்; அதில் எஃப், ஆர், எம், பி ஆகிய நான்கும் சாம்பலானால் ஸ்வாப்ஸ் போடுங்கள். அதிலுள்ள எஸ், டபிள்யூ, பேட்டின் பி மூன்றும் இல்லையென்றால் விடை ஹவுண்ட்.